வண்ணமும் கல்லும் தேடிய ரவிவர்மா

மும்பையில் கிர்காம், காட்கோபர் வழியாகத் தினமும் வேலைக்குப் போய் வருகிற தமிழர்களில் பலருக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்காது. தமிழர் வீடுகளின் பூஜை அலமாரியில் இடம் பெற்றிருக்கும் லட்சுமி, சரஸ்வதி படங்களின் மூல வடிவம் முதன்முதலில் அச்சேறியது இந்த நகரத்தில்தான். செந்தாமரை மேல் நிற்கும் லட்சுமியையும், வீணை ஏந்தி அமர்ந்திருக்கும் சரஸ்வதியையும் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் ஒரே சாயலில் வணங்கி வருகிறார்கள். அந்தச் சாயலைத் தந்தவர் ராஜா ரவிவர்மா.

அவர் பெரிய ஓவியர் என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவருடைய வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தால், வரைவதற்குப் பட்ட பாட்டுக்குச் சற்றும் குறையாமல், வரைவதற்கு வேண்டிய சாதனங்களைத் தேடியும் அவர் பாடுபட்டிருப்பது தெரியவரும். எந்த வண்ணம், எந்தத் துணி, எந்த எந்திரம் என்று அவர் செய்த தேர்வுகளே அவரை உயர்த்தின. அவற்றுள் ஒன்று அவரைக் கடனிலும் தள்ளியது.

கிளிமானூர் சிறுவன்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூர் அரண்மனையில் 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி ரவிவர்மா பிறந்தார். தந்தை ஏழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு, வேத சாஸ்திரங்களில் தேர்ந்தவர். தாய் உமையாம்பா தம்புராட்டி, கவி பாடும் ஆற்றல் பெற்றவர். திருவிதாங்கூர் அரச குடும்பத்துடன் கிளிமானூருக்குத் தலைமுறை தலைமுறையாகத் திருமண உறவு உண்டு.

சிறுவன் ரவிவர்மா அடுப்புக் கரியை எடுத்து அரண்மனைச் சுவர்களில் மிருகங்களையும் பறவைகளையும் வரைவான் என்றும், வெள்ளையடித்த சுவர் பாழாகிறதே என்று மற்றவர்கள் கோபித்தபோது தாய்மாமன் ராஜராஜ வர்மா மட்டும் அந்தக் கோடுகளைப் பார்த்து மகிழ்ந்தார் என்றும் சொல்லப்படுகிறது. மாமனும் ஓவியர்தான், தஞ்சாவூர்ப் பாணியில் வரையக் கற்றவர். ரவிவர்மாவின் முதல் ஆசான் அவரே.

அந்நாளில் ஓவியனுக்குக் கடையில் வண்ணம் வாங்கும் வழக்கம் இல்லை. இலை, பூ, மரப்பட்டை, மண், கல் ஆகியவற்றிலிருந்து அவனே வண்ணத்தை எடுக்க வேண்டும். அரைப்பது, வடிகட்டுவது, பிசின் சேர்ப்பது எல்லாம் அவன் வேலை. ஒரு படத்துக்குச் செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி வண்ணம் தயாரிப்பதிலேயே போய்விடும். கிளிமானூரில் ரவிவர்மா கற்றது இந்த முறைதான்.

இரவில் வந்த ஆசான்

1862-ம் ஆண்டு, பதினான்கு வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். திருவிதாங்கூர் மகாராஜா ஆயில்யம் திருநாள் கலைகளில் ஈடுபாடு உள்ளவர். பையனின் திறமையைக் கண்டு அரண்மனையிலேயே தங்கிப் பழக ஏற்பாடு செய்தார்.

தைல வண்ணம் என்ற புதிய சாதனத்தை ரவிவர்மா அங்கேதான் கண்டார். மேல்நாட்டு முறையில் ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணங்கள் அவை. 1841-ம் ஆண்டில் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாய்களில் வண்ணத்தை அடைக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகு, கெட்டுப் போகாமல் கப்பலேறி எந்த நாட்டுக்கும் அவை வரத் தொடங்கியிருந்தன. ஆனால் குழாயைத் திறந்து பிதுக்கத் தெரிந்தால் போதாது. எவ்வளவு எண்ணெய் கலப்பது, எந்த வண்ணத்தின் மேல் எதைப் பூசுவது, எத்தனை நாள் உலர விடுவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும்.

அரண்மனையில் அந்தக் கலை தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். சில நூல்களில் அவர் பெயர் நாயுடு என்றும் காணப்படும். தைல வண்ண நுட்பத்தை இளைஞருக்குக் கற்பிக்க அவருக்கு மனமில்லை. போட்டியாளர் ஒருவரை வளர்த்துவிட யார்தான் விரும்புவார்? ஆனால் அவருடைய மாணவரான ஆறுமுகம் பிள்ளை, ஆசானுக்குத் தெரியாமல் இரவு நேரங்களில் வந்து ரவிவர்மாவுக்குச் சில பாடங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்று வரலாறுகள் கூறுகின்றன. மலையாள நாட்டின் மாபெரும் ஓவியருக்குத் தைல வண்ணத்தின் முதல் பாடங்கள் இப்படித் தமிழர் ஒருவரிடமிருந்து கிடைத்தன.

1868-ம் ஆண்டில் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவப்படம் வரைய வந்தார். அவரும் கற்றுத்தர இசையவில்லை. அரசரின் விருப்பத்துக்காக, தாம் வரையும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தூரிகை பிடிக்கும் விதம், வண்ணத் தட்டில் கலவை செய்யும் வரிசை, ஒளியும் நிழலும் விழும் இடம் ஆகியவற்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, தமது அறைக்குப் போய்த் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். பிற்காலத்தில் அவர் வரைந்த மகாராஜா தம்பதியரின் படத்துக்கு அரண்மனை வீரச் சங்கிலி அணிவித்துக் கௌரவித்தது.

ஏன் தைல வண்ணம்?

பரம்பரை முறையை விட்டு அவர் தைல வண்ணத்தைத் தேர்ந்ததற்குப் புதுமை மோகம் மட்டும் காரணமல்ல. நீரிலோ பிசினிலோ கலந்த வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மெல்ல மாறும் சாயலை அதில் கொண்டுவருவது கடினம். தைல வண்ணம் உலர நாளாகும். அதுவரை தூரிகையால் ஒன்றோடொன்று இழைக்கலாம், தவறினால் திருத்தலாம், உலர்ந்த பின் மேலே மெல்லிய பூச்சுக் கொடுத்து ஆழம் காட்டலாம்.

தஞ்சாவூர்ப் படத்தில் பொன் வேண்டுமானால் பொன்தகட்டையே ஒட்டுவார்கள். மணி வேண்டுமானால் கல்லையே பதிப்பார்கள். ரவிவர்மா மஞ்சளையும் பழுப்பையும் வெள்ளையையும் வைத்தே பொன் நகையை மின்னச் செய்தார். பட்டுப் புடவையின் மடிப்பு, மாநிறத் தோலின் மினுமினுப்பு, கூந்தலில் செருகிய மல்லிகை இவற்றை அவர் வரைய விரும்பினார். அதற்கு ஏற்ற சாதனம் தைல வண்ணமும் கான்வாஸ் துணியுமே. வரைய வேண்டியது எது என்பதை முதலில் முடிவு செய்து, அதற்குத் தகுந்த கருவியை அவர் தேடினார்.

பலன் விரைவில் தெரிந்தது. 1873-ம் ஆண்டு சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா சர்வதேசக் கண்காட்சியிலும் அவர் பெயர் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு, ஸ்வரபத் என்ற நரம்பு வாத்தியத்தை இசைக்கும் தமிழ்ப் பெண்ணின் படம் மீண்டும் சென்னையில் பரிசு பெற்றது. 1876-ல் சென்னைக்கு வந்த சகுந்தலையின் படத்தைக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவே விலைக்கு வாங்கினார். தாமரை இலையில் காதல் கடிதம் எழுதும் சகுந்தலை அதில் இருந்தாள்.

மாதவ ராவின் யோசனை

1880-ல் ஆயில்யம் திருநாள் காலமானார். அதன்பின் திருவனந்தபுரத்தில் பழைய ஆதரவு இல்லாது போகவே, ரவிவர்மா தம் தம்பி சி. ராஜராஜ வர்மாவுடன் வெளி சமஸ்தானங்களுக்குப் பயணப்பட்டார். தம்பியும் நல்ல ஓவியர். அண்ணன் படங்களில் பின்னணி இயற்கைக் காட்சிகளை வரைந்தவர். கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றையும் பார்த்துக்கொண்டவர். ரவிவர்மாவின் வாழ்க்கை பற்றி இன்று தெரிந்திருப்பவற்றில் பல, இவர் எழுதிவைத்த நாட்குறிப்பால் தெரிந்தவை.

1881-ல் பரோடா சமஸ்தானம் அவர்களை வரவேற்றது. அப்போது அங்கே திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவ ராவ். முன்பு திருவிதாங்கூரில் திவானாக இருந்து ரவிவர்மாவை அறிந்தவர். 1888-ல் பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட் பதினான்கு புராணப் படங்களுக்கு ஏற்பாடு செய்தார். பாரத நாடு முழுவதற்கும் பொதுவான உடை எது என்று காண்பதற்காகச் சகோதரர்கள் வட இந்தியா நெடுகச் சுற்றி வந்தார்கள். இறுதியில் ரவிவர்மா புராணப் பெண்களுக்கு உடுத்தியது புடவையைத்தான்.

அந்தப் பதினான்கு படங்களும் பரோடா போகும் முன் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பம்பாயில் திரண்ட கூட்டம் ஓர் உண்மையைக் காட்டியது. அரண்மனைச் சுவரில் மாட்டப்போகும் படத்தைச் சாதாரண மக்களும் ஆசையோடு பார்க்க வந்தார்கள். ஆனால் அவர்களால் அதை வாங்க முடியாது. இதற்கு ஒரு வழியை மாதவ ராவ் 1884-லேயே கடிதம் மூலம் தெரிவித்திருந்தார். ரவிவர்மாவின் படங்களுக்கு ஏராளமான பேர் ஆசைப்படுகிறார்கள், ஒருவருடைய இரண்டு கைகளால் அத்தனை பேருக்கும் வரைந்து கொடுக்க இயலாது, எனவே சில நல்ல படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டு வாங்கலாம் என்பது அந்த யோசனை.

ரவிவர்மா அந்த யோசனையை மேலும் ஒரு படி கொண்டுபோனார். படங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக எந்திரத்தையே இங்கு வரவழைப்பது என்று முடிவு செய்தார்.

சிகாகோவில் இரு கருவிகள்

அவருடைய அச்சு முயற்சி உருவாகிக்கொண்டிருந்த 1893-ம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. விவேகானந்தர் பேசிய சர்வமத மாநாடும் அதையொட்டி நடந்ததே. ரவிவர்மாவின் பத்துப் படங்கள் அங்கே வைக்கப்பட்டுப் பதக்கங்கள் பெற்றன. பல பிரதேசத்துப் பெண்களை அவரவர் உடையிலும் சூழலிலும் காட்டிய படங்கள் அவை.

அதே கண்காட்சியில் தையர் அண்டு சாண்ட்லர் என்ற ஓவியப் பொருள் நிறுவனம், சார்லஸ் பர்டிக் வடிவமைத்த ஏர்பிரஷ் என்ற புதுக் கருவியைக் காட்டியது. பேனா அளவுள்ள குழலில் ஒரு மெல்லிய ஊசி. அழுத்தப்பட்ட காற்று வண்ணத்தைப் பனித்துளிபோல் சிதற அடிக்கும். தூரிகைத் தடம் தெரியாமல் சாயல் விழும். பிற்காலத்தில் புகைப்படங்களைத் திருத்துவோரும் விளம்பர ஓவியர்களும் கைக்கொண்ட கருவி இது. இழைத்து இழைத்துத் தூரிகையால் கொண்டுவர வேண்டிய சாயலை விரைவில் கொடுப்பது அதன் பலம்.

சாயலைச் சீக்கிரம் கொண்டுவருவது எப்படி என்ற கேள்விக்கு விடை ஏர்பிரஷ். முடிந்த படத்தை ஆயிரம் பேருக்குக் கொடுப்பது எப்படி என்பதே ரவிவர்மாவின் கேள்வி. அதற்கு விடை கல்லச்சு.

கிர்காம் அச்சகம்

1894-ல் பம்பாய் கிர்காமில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது. கோவர்தன்தாஸ் கட்டாவ் மக்கன்ஜி என்ற வணிகர் பங்காளியாகச் சேர்ந்தார். எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்தே வந்தார்கள். முதலில் அச்சான படம் சகுந்தலையின் பிறப்பு. தொடர்ந்து லட்சுமியும் சரஸ்வதியும் வெளிவந்தார்கள்.

அந்த அச்சு முறை எளிதானதல்ல. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை வரைய வேண்டும். கல்லை நனைத்து அச்சு மையை உருட்டினால், பசை உள்ள இடத்தில் மை ஒட்டும்; ஈரமான இடத்தில் ஒட்டாது. இது ஒரு நிறத்துக்கு மட்டுமே. சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல், மஞ்சளுக்கு ஒரு கல், இடைப்பட்ட சாயல்களுக்குத் தனித்தனிக் கல் என்று ஒரு படத்துக்குப் பல கற்கள் வேண்டும். ஒரே தாள் அத்தனை கற்களின் மேலும் ஏறி இறங்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். ஈரக் காற்றில் தாள் விரிந்துகொடுக்கும். மழைக்கால பம்பாயில் அதற்கும் சேர்த்து எச்சரிக்கை வேண்டும். எல்லாம் முடிந்த பின் வார்னிஷ் பூசி, அசல் தைல ஓவியம் போன்ற பளபளப்பைக் கொடுப்பார்கள். இதற்குத்தான் ஓலியோகிராப் என்று பெயர்.

படங்கள் நாடெங்கும் பரவின. ராஜாக்களும் ஜமீன்தார்களும் மட்டுமே வைத்திருந்த ரவிவர்மா படம், குமாஸ்தாவின் வீட்டுக்கும் கடைக்காரரின் கல்லாப்பெட்டிக்கு மேலேயும் வந்தது. அதில் இன்னொரு பெரிய விஷயமும் அடங்கியிருந்தது. அந்நாளில் லட்சக்கணக்கான மக்களுக்குக் கோயிலுக்குள் நுழைய அனுமதி கிடையாது. ரவிவர்மாவின் சொந்தத் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936-ல்தான். அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே தெய்வத்தின் உருவம் காகிதத்தில் ஏறி, எந்த வாசலிலும் தடுக்கப்படாமல் எல்லோர் வீட்டுக்குள்ளும் போய்ச் சேரத் தொடங்கியிருந்தது.

கடனும் பிளேக்கும்

மக்கள் வாங்கினார்கள் என்றாலும் அச்சகம் லாபம் தரவில்லை. எந்திரத்தை நன்றாகத் தேர்ந்த ரவிவர்மாவுக்கு அதைச் சுற்றியுள்ள தொழிலை நடத்தப் பொழுதில்லை. அவர் ஊர் ஊராக உருவப்படம் வரைந்துகொண்டிருந்தார். கல், மை, தாள், வார்னிஷ், வெளிநாட்டுத் தொழிலாளர் சம்பளம் என்று செலவு நின்றபாடில்லை. ஓர் எந்திரம் வாங்கினால் அதற்குத் தீனி போடும் பொருளையும், பழுதானால் சரி செய்யும் ஆளையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும். அந்தக் கணக்கில்தான் சறுக்கல் ஏற்பட்டது. பங்காளியும் விலகினார். ஓவியம் வரைந்து சம்பாதித்ததை அச்சகத்தில் போட வேண்டிய நிலை வந்தது.

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மக்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள். வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. கிர்காமிலிருந்து காட்கோபர் வந்த அச்சகம், 1899-ல் லோனாவ்லாவுக்கு அடுத்த மளவ்லிக்கு மாறியது. கார்லா குகைகளைப் பார்க்கப் புனே ரயிலில் செல்வோர் இறங்கும் சிறிய நிலையம்தான் அது. கனத்த கற்களையும் எந்திரங்களையும் அங்கே கொண்டுசேர்ப்பதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம்.

இடம் மாறியும் கடன் குறையவில்லை. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில், தம்மிடம் வேலை பார்த்த ஜெர்மன் நிபுணர் பிரிட்ஸ் ஷ்லைஷரிடமே அச்சகத்தை ரவிவர்மா விற்றுவிட்டார். தம் படங்கள் பலவற்றை அச்சிடும் உரிமையும் அதோடு போயிற்று. அதன்பின் அந்தக் கற்களிலிருந்து எத்தனை லட்சுமிகள் அச்சானாலும் ஓவியருக்கு வருமானம் இல்லை. ஷ்லைஷரோ தொழிலை நன்கு அறிந்தவர். தெய்வப் படங்களோடு விளம்பரங்களையும் வணிகச் சீட்டுகளையும் அச்சிட்டு அச்சகத்தை நிலைநிறுத்தினார்.

பிற்காலத்தில் இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் பெயர் பெற்ற தாதாசாகேப் பால்கே, இளமையில் ரவிவர்மா அச்சகத்துக்காகப் பணியாற்றியவர். காகிதத்தில் கண்ட புராணக் காட்சிகளை அவர் 1913-ல் திரையில் நடமாட வைத்தார்.

இறுதி நாட்கள்

1904-ல் ஆங்கில அரசு ரவிவர்மாவுக்குக் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. அந்த அறிவிப்பில் ராஜா ரவிவர்மா என்று குறிப்பிடப்பட்டதிலிருந்து அந்தப் பெயரே நிலைத்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் தம்பி ராஜராஜ வர்மா இறந்தார். வாழ்நாள் முழுவதும் கூடவே இருந்த துணை போனபின் அண்ணனும் தளர்ந்தார். நீரிழிவு நோயும் சேர்ந்துகொள்ள, 1906-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, பிறந்த கிளிமானூரிலேயே 58-ம் வயதில் காலமானார்.

அவர் இருந்தபோதும் மறைந்த பின்பும் கண்டனங்கள் எழுந்தன. அந்நியச் சாதனத்தால் இந்தியத் தெய்வங்களை வரையலாமா என்று சுதேசி இயக்கக் காலத்துக் கலை விமர்சகர்கள் கேட்டார்கள். ஆனந்த குமாரசாமியும் சகோதரி நிவேதிதையும் அவர்களுள் முக்கியமானவர்கள். அவருடைய தெய்வங்கள் நாடக மேடைப் பாத்திரங்களைப் போல இருப்பதாக இன்றும் சிலர் கூறுவர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மக்கள் தங்கள் தீர்ப்பை வேறுவிதமாக எழுதினார்கள். அவர் காட்டிய வழியைப் பின்பற்றி நாடெங்கும் படம் அச்சிடும் தொழில் வளர்ந்தது. சிவகாசியிலிருந்து வெளிவந்த லட்சோப லட்சம் தெய்வப் படக் காலண்டர்களும் அந்தப் பரம்பரையில் வந்தவையே.

மளவ்லி அச்சகம் 1972-ல் தீ விபத்தில் அழிந்தது. 1979-ல் இந்திய அரசு ரவிவர்மாவின் ஓவியங்களைக் கலைச் செல்வங்களாக அறிவித்து, அவை நாட்டை விட்டு வெளியேறாதபடி பாதுகாப்பு அளித்தது.

இன்று ஓவியம் பழகும் இளைஞர் கடைக்குப் போனால் ஏர்பிரஷ், காற்றழுத்த எந்திரம், அக்ரிலிக் வண்ணம் என்று எத்தனையோ சாதனங்கள் முன்னால் நிற்கின்றன. விலை உயர்ந்தது நல்லதா, எளியது போதுமா என்ற மயக்கம் எல்லோருக்கும் வருவதே. ரவிவர்மாவின் வாழ்க்கை அவர்களுக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. என்ன வரையப் போகிறோம், யாருக்காக வரையப் போகிறோம் என்று தெளிந்த பிறகே கருவியைத் தேட வேண்டும். தேடிய கருவியை வைத்து நடத்தும் வகையையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். முதலாவதில் அவர் வென்றார், இரண்டாவதில் தோற்றார்.

ஆனாலும் அவர் செய்த தேர்வு வீண் போகவில்லை. இளமையில் தமக்கு மறைக்கப்பட்ட வித்தையை அவர் யாரிடமிருந்தும் மறைத்து வைக்கவில்லை. அதன் பயனை ஊருக்கெல்லாம் பங்கிட்டார். அதற்கு விலையாகத் தம் செல்வத்தையும், தம் படங்களின் மீதிருந்த உரிமையையும் இழந்தார். அவர் இழந்ததன் பயனை நாடு நூறாண்டுக்கும் மேலாக அனுபவித்து வருகிறது.